பிரித்தால் சரக்கு, எரித்தால் சாம்பல்



சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் முடிவு காணாமல் ஒத்திவைக்கப்பட்டது உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். நம் கடைவீதியிலும் அதை ஒட்டிய குடியிருப்புத் தெருக்களிலும் சேரும் குப்பையை அப்படியே மொத்தமாக அள்ளிக்கொண்டு போய், எரித்து, மின்சாரம் எடுப்பதாக ஓர் ஒப்பந்தக்காரர் முன்வந்திருக்கிறார். மாதம் ஒரு சிறு தொகை கட்டினால் போதும், யாரும் எதையும் பிரிக்க வேண்டாம் என்பது அவர் காட்டும் வசதி. கூட்டத்தில் பாதிப் பேர் கை தூக்கினார்கள். உண்மையை ஒளிப்பானேன், நாங்களும் கை தூக்கினோம். "விடிந்தால் லாரி வந்து நிற்கிறது, மாதம் பிறந்தால் வரிக் கணக்கு நிற்கிறது, இதில் குப்பையைப் பிரித்துக்கொண்டு உட்கார யாருக்கு நேரம்?" என்று ஓர் உறுப்பினர் கேட்டதில் நியாயம் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மனதில் ஒரு நெருடல். நாற்பது ஆண்டுக்கு மேல் பருப்பும் புளியும் மிளகாயும் மொத்த வியாபாரம் செய்கிறோம். எடை போடாமல், மாதிரி பார்க்காமல் ஒரு மூட்டைக்குக்கூட விலை பேசியதில்லை. குப்பையை மட்டும் மாதிரி பார்க்காமல் மொத்தமாகத் தள்ளிவிடச் சம்மதித்தது என்ன கணக்கு? ஆகவே ஒரு மாதம் எங்கள் கடைக் குப்பையைத் தனித்தனியாக எடை போட்டுப் பார்த்தோம். விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே வைக்கிறோம். தீர்மானம் மறுபடி வருவதற்கு முன் உறுப்பினர்கள் படித்துவிட்டு வந்தால் நல்லது.

கிட்டங்கிப் பின்புறத்துப் புகை

முதலில் எங்கள் தவற்றைச் சொல்லிவிடுகிறோம். பல ஆண்டுகளாக எங்கள் கிட்டங்கியின் பின்புறத்தில் இரவு கடை சாத்திய பிறகு குப்பையைக் கூட்டித் தீ வைப்பது வழக்கமாக இருந்தது. கிழிந்த பிளாஸ்டிக் சாக்கு, அட்டை, பாலித்தீன் உறை, சணல் நூல் எல்லாம் ஒன்றாக எரியும். எரிக்கும் வேலை காவல்காரருடையது. பீடிகூடப் பிடிக்காத மனிதர். அவருக்கு விடாத இருமல் வந்து மருத்துவரிடம் அழைத்துப் போனபோது, அவர் கேட்ட முதல் கேள்வி, "இவர் எந்தப் புகையில் வேலை பார்க்கிறார்?" என்பதுதான். அருகில் நின்ற எங்களுக்குப் பதில் சொல்ல நாக்கு எழவில்லை. அந்த நெருப்பு அன்றோடு நின்றது. அவர் இருமல் இன்னும் முழுதாக நிற்கவில்லை.

திறந்த வெளியில் எரிப்பதும் உலையில் எரிப்பதும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறோம். குப்பை எரிக்கும் உலைகளில் எழும் புகை குறைந்தது 850 டிகிரி சூட்டில் 2 விநாடியாவது நிற்க வேண்டும் என்பது ஐரோப்பிய நாடுகளின் விதி. அப்போதுதான் டையாக்சின் போன்ற நச்சுப் பொருள்கள் சிதையும். அதன் பிறகு புகையைக் கழுவவும் வடிகட்டவும் வேண்டும். கொல்லைப்புறத்து நெருப்பில் அந்தச் சூடும் இல்லை, வடிகட்டலும் இல்லை. நல்ல உலைக்கு அதனால்தான் அவ்வளவு செலவு பிடிக்கிறது. அந்தச் செலவை மிச்சப்படுத்தும் உலை, எங்கள் கொல்லைப்புற நெருப்பின் பெரிய வடிவம்தான்.

தண்ணீர் எரியாது

ஒரு வீட்டுக் குப்பையில் என்ன இருக்கிறது? நம் நாட்டில் ஏறக்குறைய பாதி எடை காய்கறித் தோல், மிச்சச் சோறு, வாழையிலை, பூ. இவற்றில் முக்காலுக்கு மேல் தண்ணீர். பச்சை விறகை அடுப்பில் வைத்து ஊதிய தாய்மாருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இருந்தாலும் கணக்காகவே பார்ப்போம்.

100 கிலோ காய்கறிக் கழிவில் 80 கிலோ தண்ணீர், 20 கிலோ உலர்ந்த பொருள் என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த பொருள் எரிந்தால் கிலோவுக்குச் சுமார் 4,000 கிலோ கலோரி வெப்பம் வரும். ஆக வரவு 80,000. ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க 600 கிலோ கலோரிக்கு மேல் செலவாகும். 80 கிலோவுக்கு 48,000. நிகர மிச்சம் 32,000. அதாவது கிலோவுக்கு 320. குப்பை தானாக நின்று எரிய வேண்டுமானால் கிலோவுக்கு 1,500 கிலோ கலோரியாவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும், மறுசுழற்சிக்கு ஆகாத, 1,500க்கு மேல் வெப்பம் தரக்கூடிய கழிவைத்தான் எரிபொருளாகப் பயன்படுத்தச் சொல்லின. நம் காய்கறிக் குப்பை அதில் கால் பங்குக்கும் கீழே நிற்கிறது.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. 1987இல் தில்லி திமார்ப்பூரில் நாளொன்றுக்கு 300 டன் குப்பையை எரித்து 3.75 மெகாவாட் மின்சாரம் எடுக்க ஒரு நிலையம் கட்டினார்கள். டென்மார்க் நாட்டுத் தொழில்நுட்பம். கோடிக்கணக்கில் செலவு. அது ஒரு மாதம்கூட முழுதாக ஓடவில்லை. உலை கேட்ட வெப்பம் கிலோவுக்கு 1,400க்கு மேல். வந்து சேர்ந்த குப்பையில் இருந்தது அதில் பாதியளவுதான். உலையின் மேல் குற்றமில்லை. மாதிரி பார்க்காமல் கொள்முதல் செய்ததுதான் குற்றம். பின்னாளில், 2012இல், அதே தில்லியில் ஓக்லா பகுதியில் வேறொரு உலை ஓடத் தொடங்கியது. அது எரிகிறது, ஆனால் புகையையும் சாம்பலையும் பற்றி அக்கம்பக்கத்துக் குடியிருப்போர் தொடர்ந்து புகார் கூறி வந்திருக்கிறார்கள்.

"டென்மார்க்கிலும் சுவீடனிலும் எரிக்கிறார்களே, அவர்கள் முட்டாள்களா?" என்று கூட்டத்தில் ஓர் இளைஞர் கேட்டார். நல்ல கேள்வி. கோபன்ஹேகன் நகரில் 2017இல் திறந்த குப்பை உலையின் கூரையில் பனிச்சறுக்கு விளையாடக்கூட இடம் அமைத்திருக்கிறார்கள். சுவீடன் அக்கம்பக்கத்து நாடுகளிலிருந்து குப்பையை வரவழைத்து எரிக்கிறது. அவர்களால் முடிவதற்கு ஒரு காரணம் உண்டு. குப்பையின் வெப்பத்தில் மின்சாரமாக மாறுவது ஐந்தில் ஒரு பங்கு அல்லது நாலில் ஒரு பங்குதான். மீதி வெந்நீராக நிற்கும். அந்தக் குளிர் நாடுகளில் அந்த வெந்நீரைக் குழாய் போட்டு வீடுகளுக்கு அனுப்பிக் குளிர் காய்கிறார்கள். அதற்கும் பணம் வாங்குகிறார்கள். மதுரை வெயிலில் வெந்நீரை யாரிடம் விற்பது? அவர்களுக்கு வரவாகும் முக்கால் பங்கு நமக்கு நட்டம்.

கிலோவுக்கு என்ன கிடைக்கும்?

இனி எரியக்கூடிய சரக்குக்கு வருவோம். 860 கிலோ கலோரி வெப்பம் ஒரு யூனிட்டுக்குச் சமம்.

அட்டைப் பெட்டி: ஒரு கிலோ எரிந்தால் சுமார் 3,500 கிலோ கலோரி. நாலு யூனிட் வெப்பம். மின்சாரமாகக் கைக்கு வருவது ஒரு யூனிட்டுக்கு உள்ளேதான். 2015-16ஆம் ஆண்டில் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் குப்பை மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 7 ரூபாய் 4 காசு விலை வைத்தது. அந்த விலையே கிடைத்தாலும் கிலோ அட்டை 7 ரூபாயைத் தாண்டாது. உலைச் செலவு அதற்குள் அடக்கம். எங்கள் பக்கத்துப் பழைய பேப்பர்க் கடையில் காய்ந்த அட்டைக்குக் கிலோ பத்து ரூபாய்க்குக் குறைந்து நாங்கள் வாங்கியதில்லை. அது உடுமலை, சத்தியமங்கலம் பக்கத்து ஆலைகளுக்குப் போய் மறுபடி அட்டையாகி, நம் கடைக்கே பெட்டியாக வருகிறது. பழைய காகிதத்தில் காகிதம் செய்தால் புதிதாகச் செய்வதைவிட ஏறக்குறைய 40 விழுக்காடு எரிசக்தி குறையும். நார் தேய்ந்து போகும்வரை ஐந்தாறு முறை இப்படிச் சுற்றி வரும். எரித்தால் ஒரே முறை.

அலுமினியமும் தகரமும்: உலையில் இவை எரிந்து பயன் தருவதில்லை. ஆனால் தாதுவிலிருந்து ஒரு கிலோ அலுமினியம் எடுக்கச் சுமார் 14 யூனிட் மின்சாரம் வேண்டும். பழையதை உருக்கினால் மொத்த எரிசக்தியில் 95 விழுக்காடு மிச்சம். இரும்பு, தகரத்திலும் பாதிக்கு மேல் மிச்சம் உண்டு. இதைக் குப்பை வண்டியில் போடுவது, கல்லாவில் உள்ள சில்லறையைக் கூட்டித் தள்ளுவது போன்றதே.

பாலித்தீன்: இங்கேதான் எரிப்பவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மண்ணெண்ணெய்க்கு நிகராக எரியும். கிலோவுக்குச் சுமார் 10,000 கிலோ கலோரி. இரண்டரை யூனிட் அளவுக்கு மின்சாரம் தரும். ஆனால் அதைப் புதிதாகச் செய்ய, அதற்குள் அடங்கிய கச்சா எண்ணெயையும் சேர்த்தால், 20 யூனிட்டுக்கு மேல் எரிசக்தி செலவாகியிருக்கும். உருக்கி மறுபடி குருணை ஆக்கினால் அதில் பெரும்பங்கு மிச்சமாகும். எரித்தால் முதலையே அழித்து வட்டி மட்டும் எடுத்த கதை. சுத்தமான உறை, எண்ணெய்க் கேன், தண்ணீர் பாட்டில் என்றால் விற்பதுதான் லாபம்.

கண்ணாடி: இதில் மறுசுழற்சிக்காரர்கள் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். பழைய கண்ணாடியை உருக்கவும் பெருஞ்சூடு வேண்டும். பத்துப் பங்குக்கு ஒரு பங்கு பழைய கண்ணாடி சேர்த்தால் மூன்று விழுக்காடு அளவுதான் எரிசக்தி குறையும். கண்ணாடியில் உண்மையான லாபம், பழைய சோடாக் கடை போல, பாட்டிலைக் கழுவித் திரும்ப நிரப்புவதில்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2017இல் ராஜஸ்தானில் சூரிய ஒளி மின்சாரம் யூனிட்டுக்கு 2 ரூபாய் 44 காசுக்கு ஏலம் போனது. குப்பை மின்சாரம் முழுவதையும் மின் வாரியங்கள் வாங்கியாக வேண்டும் என்று 2016இல் மத்திய அரசின் கட்டணக் கொள்கை சொன்னது. விலை வித்தியாசத்தைக் கடைசியில் கட்டுவது மின்கட்டணம் செலுத்தும் நாம்தான்.

பிரிப்பதற்கும் செலவு உண்டு

ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அது பேரேடு ஆகாது. பழைய பேப்பர்க் கடைத் தம்பியிடம் போய் உட்கார்ந்து கேட்டோம். "அண்ணாச்சி, காஞ்ச அட்டை எவ்வளவு வேணும்னாலும் கொண்டாங்க. குழம்பு பட்டதையும் நனைஞ்சதையும் மட்டும் தள்ளிடாதீங்க. அது மத்ததையும் கெடுத்துரும்" என்றார். பாலித்தீன் விஷயமும் அதுதான். மூட்டை பெரிது, எடை சின்னது. வண்டி வாடகை எடைக்கு மேல் போய்விடும். அழுக்கு உறையைக் கழுவத் தண்ணீர் வேண்டும், கூலி வேண்டும். எனவே எல்லாவற்றையும் மறுசுழற்சி செய்துவிடலாம் என்பதும் ஏமாற்று வார்த்தைதான். கழுவும் செலவு சரக்கின் விலையை மிஞ்சினால் அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அப்படி மிஞ்சும் சரக்கில் முதலிடம் எதற்குத் தெரியுமா? நம் கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குகிறதே, ஷாம்பு, ஊறுகாய், பாக்கு, மசாலாப் பொட்டலம். அதற்குத்தான். பாலித்தீன், அலுமினியத் தகடு, பாலியெஸ்டர் என்று அடுக்கடுக்காக ஒட்டிய உறை. பிரிக்கவும் முடியாது, உருக்கினால் தரமும் வராது. காயலான் கடைக்காரர் கையால் தொடமாட்டார். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது, நாம் கொடுக்கும் பைக்கு அபராதம், கம்பெனி ஒட்டி அனுப்பும் உறைக்குத் தொடக்கத்தில் விலக்கு என்று நாம் குமுறியதில் நியாயம் உண்டு. 2022இல் மத்திய அரசு வகுத்த நெறிமுறைகள், உறையைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கும் வணிகப் பெயர் உரிமையாளருக்கும் உண்டு என்று சொல்லிவிட்டன. அதைக் கேட்டு வாங்குவது நம் சங்கத்தின் வேலை. ஆனாலும் அந்தச் சரத்தை ஆணியில் மாட்டுவது நம் கைதான் என்பதையும் மறக்கக் கூடாது.

இந்த உறைகளுக்கும் அழுக்குப் பாலித்தீனுக்கும் எரிப்பதே வழி என்றால், எங்கே எரிப்பது என்று பார்க்க வேண்டும். அரியலூர், விருதுநகர், நெல்லை வட்டாரங்களில் சிமெண்ட் ஆலைகள் இருக்கின்றன. சிமெண்ட் சூளையில் 1,400 டிகிரிக்கு மேல் சூடு உண்டு. வெப்பம் மின்சாரமாக மாறி வீணாகாமல் நேரடியாக நிலக்கரியின் இடத்தைப் பிடிக்கிறது. சாம்பலும் சிமெண்டோடு சேர்ந்துவிடுகிறது. குப்பை உலையிலோ நூறு கிலோவுக்கு இருபது கிலோவுக்குக் குறையாமல் சாம்பல் மிஞ்சும். அதைக் கொட்டத் தனி இடம் தேட வேண்டும். சிலவகைப் பாலித்தீனுக்கு நம் மதுரையிலேயே இன்னொரு வழி பிறந்தது. தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் உருக்கிப் பூசித் தார்ச் சாலை போடும் முறையைக் கண்டார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கினார்கள். ஒரு கிலோமீட்டர் ஒற்றைவழிச் சாலைக்குச் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக் செல்லும் என்கிறார்கள்.

ஈரக் குப்பைக்கு உரமும் எரிவாயுவும்தான் சரியான இடம். கோயம்பேடு அங்காடியில் 2005இல் நாளொன்றுக்கு 30 டன் காய்கறிக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்க நிலையம் அமைத்தார்கள். தண்ணீர் உலைக்குத்தான் பகை, சாண எரிவாயுக் கலனுக்கு நட்பு.

ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கும் வரி

இப்போது தீர்மானத்துக்கு வருவோம். ஒப்பந்த வரைவை மறுபடி வாங்கிப் படித்தோம். தினசரி இவ்வளவு எடைக்குக் குறையாமல் குப்பை கொடுக்க வேண்டும், குறைந்தால் அந்த வித்தியாசத்துக்கும் சங்கம் பணம் கட்ட வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. கூட்டத்தில் அதை யாரும் வாசிக்கவில்லை. உலை கட்டியவருக்கு அது தேவைதான். உலை பட்டினி கிடந்தால் அவர் கடன் அடையாது. ஆனால் நம் பக்கம் பாருங்கள். நாம் துணிப்பைக்கு மாறினாலும், அட்டையைப் பழைய கடைக்குப் போட்டாலும், எண்ணெய் டின்னைத் திருப்பி அனுப்பினாலும் நமக்கு அபராதம். பல ஆண்டுகளுக்குக் குப்பை போட்டுக்கொண்டே இருப்பதாக எழுதிக் கொடுப்பதற்குச் சமம். அதோடு, ஈரக் குப்பை எரியாது என்பதால் உலைக்கு வேண்டியது நம் அட்டையும் பாலித்தீனும்தான். நம்மிடம் பத்து ரூபாய் பெறும் சரக்கை, நாமே பணமும் கட்டிக் கொடுக்கிறோம். அந்தச் சரக்கை நம்பிப் பிழைக்கும் பழைய பேப்பர்க் கடைக்காரர், தெருத் தெருவாகப் பொறுக்கி எடுக்கும் ஏழைப் பெண்கள் எல்லோர் வாயிலும் மண் விழும்.

எங்கள் தகப்பனார் காலத்தில் கடைவீதியில் குப்பைத் தொட்டியே இல்லை. சாக்கைத் தைத்துத் தைத்து மறுபடி அனுப்பினோம். எண்ணெய் வாங்க வருபவர் தூக்குச் சட்டியோடு வந்தார். பழைய தாளில் பொட்டலம் கட்டினோம். அந்தக் காலம் திரும்பாது என்பது தெரியும். பாக்கெட் கேட்கும் வாடிக்கையாளரை விரட்ட முடியாது. ஆனால் அன்றைய கணக்குப் புத்தி இன்றைக்கும் செல்லும்.

எங்கள் கடையில் செய்தது இதுதான்:

1. நாலு சாக்கு வைத்தோம். அட்டை-காகிதம் ஒன்று, சுத்தமான பாலித்தீன்-பாட்டில் ஒன்று, தகரம்-இரும்பு ஒன்று, எதற்கும் ஆகாத உறைகள் ஒன்று. ஈரக் குப்பைக்கு மூடி போட்ட தனி வாளி.

2. அட்டையை மழையில் போடுவதில்லை. நனைந்த அட்டைக்கு விலையும் இல்லை, வெப்பமும் இல்லை.

3. பெட்டி பிரிக்கும் கையே பிரித்தும் போடுகிறது. தனியாக ஆள் வைக்கவில்லை. முதல் வாரம் முணுமுணுப்பு இருந்தது. விற்ற பணத்தைச் சுமைதூக்கும் தொழிலாளர்களின் தேநீர்ச் செலவுக்கு ஒதுக்கியதும் முணுமுணுப்பு நின்றது. மாதக் கடைசியில் தேநீர்ச் செலவை அது ஏறக்குறைய ஈடு கட்டிவிட்டது.

4. நாலாவது சாக்கு மட்டும்தான் எரிக்கக் கொடுக்க வேண்டிய சரக்கு. மாதக் கடைசியில் பார்த்தால் எடையில் அதுதான் மிகவும் குறைவு.

எனவே உறுப்பினர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இது. எரிப்பவரை விரட்ட வேண்டியதில்லை. ஆனால் கலப்படக் குப்பைக்கு ஒப்பந்தம் போட வேண்டாம். நாலாவது சாக்கை மட்டும், எடைக்குக் கூலி என்ற முறையில் கொடுப்போம். குறைந்தபட்ச எடை வரியை நீக்கச் சொல்லுவோம். புகையின் அளவையும் சாம்பல் போகும் இடத்தையும் மாதம் ஒருமுறை எழுத்தில் கேட்போம். வட சென்னை கொடுங்கையூரில் எரிஉலைத் திட்டத்தை எதிர்த்து 2025இல் மக்கள் வீதிக்கு வந்தார்கள். உலை எங்கே வந்தாலும் அதன் பக்கத்தில் யாரோ குடியிருக்கிறார்கள், யாரோ காவல் காக்கிறார்கள்.

சென்ற முறை தூக்கிய கையை இந்த முறை நாங்கள் இறக்கிக்கொள்கிறோம். எங்கள் கணக்கில் பிழை இருந்தால் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம். அதற்கு முன் ஒரே ஒரு வாரம் உங்கள் கடையிலும் நாலு சாக்கு வைத்து எடை போட்டுப் பாருங்கள். தராசு நம் எல்லோர் கடையிலும் இருக்கிறது.